கிளம்பும்போது வரும் சத்தம்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பிழைப்பு என்பது பாதி கை, பாதி காது. "குளிரலை" என்று எங்களைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. குளிராத பெட்டியைச் சனங்கள் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள், காய்கறிக் கூடை மாதிரி வைத்துப் புழங்குவார்கள். சத்தம் வந்தால்தான் ஆள் அனுப்புவார்கள். தொண்ணூறுகளில் கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் ஒரு பெட்டி வைத்திருந்த எல்லோருக்கும் இந்தப் பாடு தெரியும். கரண்ட் போய்த் திரும்பி வரும். பெட்டி முதலில் ஒரு முனகல் முனகும். பிறகு ‘டக்’. மறுபடியும் முனகல், மறுபடியும் ‘டக்’. நீங்களும் சோற்றைப் பிசைந்த கையோடு அது கிளம்புமா கிளம்பாதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்குப் பால் திரிந்துவிடுமே என்கிற கவலை. அதைவிடப் பெரிய கவலையோடு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

கலர் விற்கிற பெட்டி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. பழைய பெட்டிகளை வாங்கி, கேஸ் அடைத்து, பெயின்ட் அடித்து விற்பதும் உண்டு. ஒருநாள் மத்தியானம் தங்கவேல் அண்ணாச்சி வந்தார். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். பெட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கதவைத் திறந்து முட்டை வைக்கிற குழியை எண்ணுவார்கள். இவர் கதவையே தொடவில்லை. "கரண்ட் போனா எம்புட்டு நேரம் குளுமை நிக்கும்?" என்று கேட்டார். திறக்காமல் இருந்தால் அரை நாள் தாங்கும் என்றேன். "தொறக்கவே மாட்டோம்" என்றார். திறக்காத பெட்டி எதற்கு என்று நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குரலை இறக்கிச் சொன்னார். மகள் மாரிச்செல்விக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை, காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். மருந்தைத் திருநெல்வேலியிலிருந்து வாங்கி வந்து, ஈர மணலில் புதைத்த கலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கரிசக்காட்டு வெயிலுக்குக் கலயம் எம்மாத்திரம்? போன கோடையில் மருந்து கெட்டுப்போய், பிள்ளை நினைவு தப்பி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. ஊருக்குள் யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்ற பயம். பெட்டியைக் கடையிலேயே வைப்பது, முன்வரிசையில் கலர் சோடா பாட்டில்களை அடுக்கி, பின்னால் மருந்தை வைப்பது என்று எல்லாவற்றையும் அவரே யோசித்து வைத்திருந்தார். எழுந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யார்ட்டயும் மூச்சு விட்டுராத தம்பி. ஊருக்கு அது கலர் விக்கிற பெட்டி. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

சாயங்கால மோட்டார்கள்

பெட்டி போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஆள் வந்துவிட்டது. சாயங்காலமானால் சத்தம் போடுகிறதாம், ஓட மாட்டேன் என்கிறதாம். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு எட்டயபுரம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கம்ப்ரஸர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வோம். உள்ளே நடப்பது அத்தனையும் கேட்கும். அப்படிக் கேட்டதில் கம்ப்ரஸரில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் மூணு ஃபேஸ் கரண்ட் விட்டதும் சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும், வோல்டேஜ் படுத்துவிடும். பெட்டி எழுந்திருக்கப் பார்க்கும், தெம்பு இல்லாமல் உட்கார்ந்துவிடும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன்.

நான் வேலை பார்க்கிற வரைக்கும் மாரிச்செல்வி பக்கத்திலேயே நின்றாள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். எப்படிச் சத்தம் வருகிறது என்று கேட்டதற்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த முனகலையும் ‘டக்’கையும் அப்படியே செய்து காட்டினாள். மெக்கானிக்குகளான எங்களுக்கே அவ்வளவு சரியாக வராது. "நீ என் கடைக்கு வேலைக்கு வந்துரு தாயி" என்றேன். அவள் கடை வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா காதில் விழாதபடி சொன்னாள்: "எனக்குச் சிரிப்பாத்தான்ணே இருக்கு. ஆனா இது கிளம்பாத அன்னைக்கெல்லாம் அப்பா சாப்பிட மாட்டாவ."

கேஸட்டில் வந்த சத்தம்

நடுவில் வேறு ஒரு வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சு கொஞ்சம் ஆறட்டும். மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தர் எங்கள் தெருவில் வீடு கட்டியிருந்தார். அவர் வீட்டுப் பெட்டி கிளம்பும்போது கடகடவென்று அதிருமாம். நான் போய் நின்றால் அதிராதாம். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? கடைசியில் மனுஷன் டேப் ரெக்கார்டரைப் பெட்டிக்கு முன்னால் வைத்துச் சத்தத்தைப் பதிந்து, கேஸட்டோடு கடைக்கு வந்துவிட்டார். போட்டுக் கேட்டால், அவர் மனைவி அவரைத் திட்டுவது கணீரென்று கேட்கிறது. பெட்டிச் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது.

சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள், பின்பக்கக் குழாய் சுவரில் இடித்தது. நாலு விரல் தள்ளி வைத்ததும் அடங்கிவிட்டது. நான் வரும்போதெல்லாம் பின்பக்கத்தைப் பார்க்க வசதியாகப் பெட்டியை முன்னால் இழுத்துவைத்துக் காட்டுவது அவர் வழக்கம், அதனால்தான் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "ரயிலா இருந்தா சக்கரத்தத் தட்டிப் பாத்தே சொல்லிருவேன் தம்பி. இது ஓடுதுங்கானுவ, ஆனா ஒரே எடத்துல நிக்குது. நான் என்ன செய்ய?"

கட்டில் வேண்டாம், பீரோ வேண்டாம்

சில வருஷம் தங்கவேல் அண்ணாச்சி வீட்டுப் பெட்டி சொன்னபடி கேட்டது. மழைக்காலத்தில் ஒரு தடவை கம்ப்ரஸரைக் கிளப்பிவிடுகிற ரிலேயை மாற்றினேன், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் அவரே கடைக்கு வந்தார், புதுச் சட்டையோடு. மாரிச்செல்விக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. கோவில்பட்டியிலேயே, சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற குடும்பம். தொழிற்சாலை என்று எழுதினால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது, எங்களுக்கு அது ஆபீஸ்தான். சீர் சாமான் வாங்கக் கூட வர வேண்டும் என்று கூப்பிட்டார். கட்டில் சுமாராக இருந்தால் போதும், பீரோ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஃப்ரிட்ஜ் மட்டும் இருப்பதிலேயே நல்லதாக வேண்டும் என்றார். மகளை ஐஸ் பெட்டிக்குள் வைத்து அனுப்பப்போகிறாரா என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்களாம்.

கடையில் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டுக் கேட்டு, கிளம்புவதே தெரியாத ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வரும்போது மனசு கேட்காமல், "அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்ல விஷயத்தச் சொல்லியாச்சா?" என்றேன். அவர் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "இதுக்கு முந்தி ரெண்டு எடத்துல உண்மையச் சொன்னேன் தம்பி. ரெண்டு எடத்துலயும் காப்பியக்கூட குடிக்காம எந்திரிச்சிப் போயிட்டாவ."

மருதாணி டப்பா

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். புதுப் பெட்டி, அதற்குள் சத்தம். மாரிச்செல்வியின் மாமியார் பொன்னுத்தாயம்மா கறாரான மனுஷி. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: புதுப் பெட்டி என்று பழசைத் தலையில் கட்டிவிட்டார்களா? விசாரித்ததில் கதை வெளியே வந்தது. சமையல் முடிந்ததும் அவர் பெட்டியை அணைத்துவிடுவாராம். அணைத்த கையோடு எதையாவது எடுக்க வரும்போது ஞாபகம் வந்து உடனே போடுவாராம். ஓடி நின்ற பெட்டியை மூச்சு வாங்க விடாமல் உடனே கிளப்பினால் அது முனகத்தான் செய்யும். பெட்டியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் மூடி போட்ட ஒரு சில்வர் டப்பா. கையை நீட்டினேன். "அதுல மருதாணி அரைச்சு வச்சிருக்கேன்ணே" என்று மாரிச்செல்வி சட்டென்று சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கும் தெரியாது, குளிக்கப் போகும்போதுதான் ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று அண்ணாச்சி பிறகு சொன்னார். மாதம் ஒருமுறை மகளைப் பார்க்க வருகிற சாக்கில் அவர்தான் மருந்து கொண்டுவந்து கொடுப்பார்.

இனிமேல் பெட்டியை அணைக்கவே கூடாது, அணைத்தால் கேஸ் போய்விடும், கம்ப்ரஸர் கருகிவிடும் என்று கையில் இருந்த அத்தனை பயத்தையும் காட்டினேன். முதலாவது முழுப் பொய், இரண்டாவது பாதிப் பொய். பொன்னுத்தாயம்மா யோசித்தார். மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகளை அடுக்கி வைத்துப் பிழைக்கிற குடும்பம், ஒயரைக் கண்டாலே அவருக்குப் பயம். ஆனால் கெட்ட மனுஷி இல்லை. நான் கிளம்பும்போது மருமகள் ஒன்றும் சாப்பிட மாட்டேன் என்கிறாள், கடலைமிட்டாய் வாங்கி வைத்தால்கூடத் தொட மாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவள் தலை குனிந்து நின்றாள். "சரி தம்பி, நீ சொல்லுத, ஓடட்டும். எங்களுக்குத் தீயத் தவிர வேற ஒண்ணுக்கும் பயமில்ல."

மெயினை இறக்கிவிட்டு

இதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். தீப்பெட்டித் தொழிலில் இருக்கிற வீடுகளில், குடும்பத்தோடு வெளியூர் போனால் வீட்டுக்கே கரண்டை நிறுத்துகிற மெயின் கட்டையை இறக்காமல் கதவைப் பூட்ட மாட்டார்கள். சாமி கும்பிட மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். ஒரு பொறி போதும் என்று கண்ணால் பார்த்தவர்கள். அந்தச் சித்திரையில் தெற்கே தேரிக்காட்டுச் செம்மணலில் குலசாமி கோயிலில் கொடைத் திருவிழா. ஒரு வாரம் போலத் தங்கிவிட்டு வந்து மெயினைப் போட்டிருக்கிறார்கள். பெட்டி முனகியிருக்கிறது. எனக்கு ஆள் வந்தது.

தெருவெல்லாம் ஒன்றாகக் கரண்டை இழுத்ததில் வோல்டேஜ் படுத்திருந்தது, அவ்வளவுதான் கோளாறு. ஆனால் பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பால் திரிந்து நாற்றம், காயெல்லாம் அழுகல். அந்த டப்பாவைத் தொட்டேன், அடுப்படியில் இருந்த பாத்திரம் போல வெதுவெதுத்தது. பொன்னுத்தாயம்மா அந்தப் பக்கம் போனதும் மாரிச்செல்வி மெல்லச் சொன்னாள், அத்தை மெயினை இறக்கும்போது பக்கத்தில்தான் நின்றாளாம், வார்த்தை வாய் வரைக்கும் வந்ததாம். கோயிலுக்குக் கொண்டுபோன மருந்தும் வெயிலில்தான் கிடந்திருக்கிறது. இது ஆகாது தாயி, நானே போய்ப் புதுசு வாங்கி வருகிறேன் என்றேன். மருந்துக்கடைக்காரர் மாமனாருக்குத் தெரிந்தவர், வேண்டவே வேண்டாம் என்றாள். முகம் வாடியிருந்தாலும் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கண்ணே. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், நாளைக்குப் புதுசு வந்துரும்."

திரும்பிப் போன சீர்

வைகாசி பிறக்கும் முன்பே மாரிச்செல்வி இறந்துவிட்டாள். இதை எப்படி எழுதிப் பார்த்தாலும் ஒரு வரிதான் வருகிறது.

பிள்ளை இல்லாமல் பெண் இறந்தால், கொடுத்த சீரைத் தாய்வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்டியை அலுங்காமல் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று பொன்னுத்தாயம்மா என்னைக் கூப்பிட்டார். வேனில் முன்பக்கம் டிரைவரும் நானும் அவரும். எட்டயபுரம் தாண்டினோம். பிறகு யாரும் கேட்காமல் அவரே சொன்னார். கோயிலிலிருந்து வந்த பிறகு மருமகளுக்கு ஓயாத தாகம், அசதி, அப்புறம் வாந்தி. கல்யாணமான பெண்ணுக்கு வாந்தி என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவுக்கெல்லாம் சீனி கொடுத்திருக்கிறார். மருமகள் வாயிலும் ஒரு கை சீனியைப் போட்டிருக்கிறார். அவள் அதையும் முழுங்கிவிட்டு அத்தையைப் பார்த்துச் சிரித்தாளாம். மறுநாள் நினைவு தப்பிவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று டாக்டர் கேட்டபோது, கூடப் போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நான் ஜன்னலோரம் இருந்த அந்த அம்மா பக்கம் திரும்ப முடியாமல் நேரே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் கண்ணிலும் நீர் நிற்கவில்லை.

அண்ணாச்சியின் கடைக்குள் பெட்டியை இறக்கி நிறுத்தினோம். "ஆடி வந்திருக்கு, கொஞ்ச நேரம் நிக்கட்டும், உடனே போட்டாச் சத்தம் வரும்" என்று வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். இனி யாருக்காக அதைப் போட வேண்டும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. மகள் போன் போட்டாளா என்று நான் கேட்டதற்கு அண்ணாச்சி இல்லை என்று தலையை ஆட்டினார். மாதத்தின் நடுவில் அப்பா பதறியடித்து ஓடிவந்தால் வீட்டில் சந்தேகம் வரும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

அண்ணாச்சி பொன்னுத்தாயம்மாவுக்கு முன்னால் கையைக் கூப்பினார். "மதினி, உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன். எம்மவளுக்கும் ஒரு வாழ்க்க வேணுமேன்னுதான் மறைச்சேன்." கூப்பிய கையை அவர் இறக்கவில்லை. அந்த அம்மா வசை பாடுவார் என்று எதிர்பார்த்து நானும் டிரைவரும் வாசலுக்கு நகர்ந்தோம். அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றபடியே பேசினார்.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்த அன்னைக்குச் சொல்லியிருந்தா நானும் வேண்டாம்னுதான் போயிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா தாலி கட்டின மறுநாளு சொல்லியிருக்கலாம்லா? அப்ப அவ எம்பிள்ள. அந்த மெயின் கட்டைய இறக்க எங்கை போயிருக்குமா? வீட்டுக்கு ஒருத்தி வேணும்னு நான் கோயிலுக்கே போகாம இந்தப் பெட்டிக்குக் காவ இருந்திருப்பேனே!"

இன்றைக்கும் யாராவது கடைக்கு வந்து கிளம்பும்போது சத்தம் வருகிறது என்று அலுத்துக்கொண்டால், நல்லவேளை சத்தமாவது வருகிறதே என்று நினைத்துக்கொண்டுதான் சாமான் பையைத் தூக்குகிறேன்.